ஏர் ஹேமர் வெட்டுவதற்கு மட்டும்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்றழுத்தத்தில் ஓடும் சுத்தியலான ஏர் ஹேமரை வாங்கும் பலர் அதில் கூர் உளியை மாட்டி, நாலு சைலன்சர் குழாயை வெட்டிவிட்டு, பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ரிப்பேர் பட்டறையில் அதைவிட உழைக்கும் கருவிகள் குறைவு. அதில் மாட்டும் முனைகளில் (பிட்), கூர் உளியைவிடத் தட்டை முனை உள்ள மொட்டைப் பிட்தான் முக்கியம் என்று எப்போதும் சொல்வேன். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களும் பல வருடம் சுத்தியல் பிடித்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைப் பதிலோடு இங்கே எழுதுகிறேன்.

ஏர் ஹேமர் உள்ளே என்னதான் நடக்கிறது?

ஒரு குழல், அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் ஒரு பிஸ்டன், காற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி விடும் ஒரு வால்வு. அவ்வளவுதான். முன்னால் நாம் செருகும் பிட், பிஸ்டனோடு இணைந்திருப்பதில்லை. ஸ்பிரிங் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிஸ்டன் ஓடிவந்து அதன் பின்முனையில் அடிக்கும். பெரும்பாலான ஹேமர்கள் 90 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) காற்றழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. பட்டறைகளில் அதிகம் புழங்குவது 0.401 அங்குலத் தண்டு உள்ள பிட். கனரக ஹேமர்களுக்கு 0.498 அங்குலம்.

குட்டைக் குழல் ஹேமர் நிமிடத்துக்கு 4000 அடிக்கு மேலும் அடிக்கும், ஆனால் ஒவ்வொரு அடியும் லேசானது. நீளக் குழலில் பிஸ்டன் ஓடும் தூரம் அதிகம். அடிகள் ஏறக்குறைய 2000 ஆகக் குறையும், ஒவ்வொன்றும் கனமாக விழும். தகர வேலைக்குக் குட்டை, துருப் பிடித்து இறுகியதை விடுவிக்க நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் நீளத்தைத்தான் சொல்வேன். காற்றைக் குறைத்து அதை மென்மையாக்கிக்கொள்ளலாம். குட்டையைக் கனமாக்க வழியில்லை.

இந்தக் கருவிக்கு ஒரு பழைய உறவும் உண்டு. 1894-ல் காற்றுச் சுத்தியல் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கிய சார்லஸ் பிரேடி கிங் என்பவர்தான், இரண்டு வருடம் கழித்து டெட்ராய்ட் தெருவில் முதல் மோட்டார் வண்டியை ஓட்டியவர். காருக்கும் ஏர் ஹேமருக்கும் அன்றிலிருந்தே பழக்கம்.

கூர் உளியைவிட மொட்டைப் பிட்தான் முக்கியம் என்கிறீர்களே, ஏன்?

துருவாலோ டேப்பராலோ (கூம்பு வடிவப் பொருத்தம்) இறுகிக் கிடக்கும் எதையும் பிடித்துவைத்திருப்பது உராய்வு. சம்மட்டியால் ஓங்கி ஒரு அடி கொடுத்தால் அந்த ஒரு கணம் மட்டும் பிடி தளரும். அடுத்த அடிக்குக் கை ஓங்குவதற்குள் பழையபடி இறுகிவிடும். ஏர் ஹேமர் ஒரு நொடிக்குள் 30, 40 தடவை அதே பிடியைத் தளர்த்துகிறது. அந்த நேரத்தில் இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு இழுப்போ திருப்போ இருந்தால், தளர்ந்த ஒவ்வொரு கணத்திலும் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக நகரும்.

ஆகவே ஒரு பக்கம் இழுப்பு, மறு பக்கம் அதிர்வு. கீழே நான் சொல்லப்போகும் உபயோகங்களில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன. அதிர்வு கொடுக்க முனை தட்டையாக, அகலமாக இருக்கவேண்டும். கூர் உளி வெட்டும், கொத்தும், தழும்பு போடும். பக்கத்தில் இருப்பதை அதிரவைக்காது.

துருப் பிடித்த போல்ட்டை எப்படிக் கழற்றுவது? அடித்தால் உடைந்துவிடாதா?

முறையாகச் செய்தால் உடைவது குறையும். முறுக்கி உடைத்த போல்ட்டுகள்தான் பட்டறையில் அதிகம்.

வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள். மொட்டைப் பிட்டைப் போல்ட் தலையின் நடுவில் நேராக ஊன்றி, ஐந்தாறு நொடி அதிரவிட்டு நிறுத்துங்கள். மறுபடி எண்ணெய், மறுபடி அதிர்வு. கூர்ந்து பார்த்தால், தலைக்கும் தகட்டுக்கும் நடுவில் செம்மண் தூள் போலத் துரு வெளியே உதிரும். அந்த இடுக்கில் நின்ற எண்ணெய் சட்டென்று உள்ளே இழுபடும். அதைக் கண்டால் வேலை முக்கால் முடிந்தது.

இப்போது ஸ்பேனரைப் போட்டு, கழற்றும் பக்கம் போகாமல், முதலில் ஒரு இம்மி இறுக்கிப் பாருங்கள். நகர்ந்தால் துருவின் கட்டு விட்டது என்று அர்த்தம். அப்புறம் கழற்றுங்கள். கால் சுற்று வந்து மறுபடி இறுகினால் பலவந்தம் வேண்டாம். திரும்ப உள்ளே கொஞ்சம் ஓட்டி, எண்ணெய் விட்டு, வெளியே எடுங்கள்.

இதில் இன்னும் ஒரு படி போகலாம். ஸ்பேனரை ஒருவர் கழற்றும் பக்கம் அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் அதே நேரத்தில் தலையில் அதிர்வு கொடுப்பது. இதற்கென்றே பிட் விற்கிறார்கள்: ஒரு முனை ஹேமரில் நுழையும், மறுமுனையில் சாக்கெட் மாட்டலாம், நடுவில் ஆறு பட்டை இருக்கும், அதில் ஸ்பேனர் போட்டுத் திருப்பலாம். ஒரே ஆள் இரண்டையும் செய்யமுடியும். சாக்கெட் மட்டும் இம்பாக்ட் வகையாக இருக்கவேண்டும். சாதாரண குரோம் சாக்கெட் தெறித்துவிடும்.

பிரேக் டிஸ்க்கை ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பிடிக்கும் நட்சத்திரத் தலை ஸ்குரூவுக்கும் இதுவே வழி. அந்த ஸ்குரூவில் பாதிப்பேர் தலையை வழித்துவிட்டு, பிறகு டிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஸ்குரூ டிரைவர் முனை உள்ள பிட் அதிர்ந்துகொண்டே தலைக்குள் அழுந்தி நிற்பதால் வழுக்காது.

போல்ட் தலையே உருண்டு போய்விட்டது. இப்போது?

இங்கேதான் கூர் உளிக்கு வேலை. தலையின் விளிம்பில் உளியை நேராக வைத்து ஒரு பள்ளம் கொத்துங்கள். பிறகு உளியைச் சாய்த்து, கழலும் திசையில் அந்தப் பள்ளத்தைத் தள்ளுவது போல அடியுங்கள். அடியும் அதிர்வும் திருப்பும் ஒன்றாகச் சேர்கின்றன. துளைக்குள்ளேயே உடைந்த ஸ்டட்டின் (தலையில்லாத மரைத் தண்டு) மிச்சத்தையும் கூர் முனையால் இப்படி நகர்த்தலாம், சுற்றியுள்ள மரையில் படாமல் பார்த்துக்கொண்டால். எட்டு மி.மீ.க்குக் கீழே உள்ள போல்ட்டில் எனக்கு இந்த முறையில் நம்பிக்கை இல்லை. சின்னத் தலை நசுங்கிவிடும்.

பால் ஜாயின்ட், டை ராட் முனையைக் கழற்றக் கவட்டை பிட் போதாதா?

சக்கரத்தைத் திருப்பும், தாங்கும் பாகங்களை இணைக்கும் இந்த மூட்டுகளுக்கு இரண்டு பல் உள்ள கவட்டை போதும், அந்த ஜாயின்ட்டைத் தூக்கிப் போடப் போகிறீர்கள் என்றால். கவட்டை உள்ளே நுழைந்ததும் ரப்பர் பூட் கிழியும். திரும்ப மாட்டவேண்டிய ஜாயின்ட் என்றால் கவட்டையைத் தொடாதீர்கள்.

நட்டைத் தளர்த்தி, மூன்று நான்கு மரை மட்டும் பிடித்திருக்கும்படி விடுங்கள். அதைச் சுத்தமாகக் கழற்றிவிடக் கூடாது. ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் கீழே பாய்ந்து வரும். அந்த நட்தான் காவல். ஆர்முக்குக் கீழே ஜாக்கியும் இருக்கட்டும். இப்போது நக்கிளில் (ஹப்பைத் தாங்கும் வார்ப்பு) ஜாயின்ட்டின் கூம்புத் தண்டு நுழைந்திருக்கும் தடித்த கண்ணின் பக்கவாட்டில் மொட்டைப் பிட்டை வைத்து அடியுங்கள். ஒவ்வொரு அடியிலும் அந்த வட்டத் துளை கண்ணுக்குத் தெரியாத அளவில் முட்டை வடிவமாகி மீளும். டேப்பருக்கு வேண்டியது அதுதான். பல நேரம் சில நொடியில் 'டப்' என்று விழும்.

புல்லரை (இழுத்துக் கழற்றும் கருவி) மாட்டி நன்றாக இறுக்கி வைத்துவிட்டு, அப்புறம் பக்கவாட்டில் அதிர்வு கொடுத்தால், ஸ்டீயரிங் பெட்டியில் மாட்டும் பிட்மேன் ஆர்ம் போன்ற முரட்டு டேப்பரும் விடும். புல்லரை மட்டும் நம்பி இறுக்கிக்கொண்டே போனால் புல்லர்தான் உடையும். நக்கிள் அலுமினியம் என்றால் இந்த அடியே வேண்டாம், புல்லரும் பொறுமையும்தான்.

பிரேக் டிரம் ஹப்பில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. எங்கே அடிப்பது?

இதை நான் கற்றுக்கொண்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. வெகு நாள் ஓடாமல் நின்ற வண்டி. டிரம்மின் வெளி விளிம்பைச் சுற்றிச் சுற்றிச் சம்மட்டியால் அடித்தேன். ஒரு மணி நேரம் போனது, தோள் வலித்தது, டிரம் அசையவில்லை, விளிம்பில் ஒரு துண்டும் உடைந்தது. பட்டறையில் மூத்தவர் ஒருவர் வந்தார், என் கையிலிருந்து சம்மட்டியை வாங்கி வைத்துவிட்டு, ஏர் ஹேமரில் மொட்டைப் பிட்டைப் போட்டார். வீல் ஸ்டட்டுகளுக்கு நடுவே உள்ள தட்டை முகத்தில் வைத்தார். இரண்டு ஸ்டட்டுக்கு நடுவே கொஞ்சம், அடுத்த இரண்டுக்கு நடுவே கொஞ்சம். "சத்தத்தைக் கேளு தம்பி" என்றார். முதலில் கணீரென்று ஒலித்தது, டிரம்மும் ஹப்பும் ஒரே இரும்பு போல. மூன்றாவது சுற்றில் அந்தக் கணீர் உடைந்து, தளர்ந்த தகரம் போலப் பிசிறடித்தது. "விட்டுடுச்சு" என்றார். கையாலேயே இழுத்தார்.

அன்றிலிருந்து நான் முதலில் கவனிப்பது சத்தத்தைத்தான். பிடி விடும்போது சத்தம் மாறும். மாறிய பிறகும் அடித்துக்கொண்டிருப்பது வீண்.

ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, அட்ஜஸ்டரைத் தளர்த்திய பிறகுதான் இதை ஆரம்பிக்கவேண்டும். ஷூ உள்ளே பிடித்திருந்தால் எந்த அதிர்வும் உதவாது. ஒரு வீல் நட்டை நாலு மரை மாட்டி வையுங்கள், டிரம் காலில் விழாது. வார்ப்பிரும்பு விளிம்பில் அடிக்காதீர்கள், என்னைப் போல உடைப்பீர்கள். டிஸ்க் என்றாலும் அதே இடம்தான், ஸ்டட்டுகளுக்கு நடுவே. பேட் உரசும் முகத்தில் அடிப்பது, டிஸ்க்கை மாற்றப்போவது உறுதி என்றால் மட்டும்.

ஹப் பேரிங், ஆக்ஸில், யூ-ஜாயின்ட்?

பின்பக்கமிருந்து போல்ட் போட்டுப் பிடிக்கும் ஹப் பேரிங்கை நேராக வெளியே தள்ளப் பார்ப்பவர்கள்தான் அதிகம். போல்ட்டுகளைக் கழற்றிய பிறகு, அதன் காதுகளில் ஒன்றில் பக்கவாட்டாக அடித்து முதலில் சுழற்றுங்கள். பிறகு எதிர்ப்பக்கம். இப்படி முன்னும் பின்னும் ஓரிரு மி.மீ. சுழன்றாலே, சுற்றியுள்ள துரு வளையம் பொடியாகிவிடும். பக்கத்தில் ஏ.பி.எஸ். சென்சர் இருந்தால் முன்கூட்டியே கழற்றி ஒதுக்கிவையுங்கள்.

ஆக்ஸில் முனை ஹப்பில் சிக்கியிருந்தால், நட்டை முனையோடு சமமாக வரும்வரை தளர்த்தி, முனையின் நடுக்குழியில் பொருந்தும் கூம்புப் பிட்டால் அடிக்கலாம். மரை நசுங்காது. யூ-ஜாயின்ட் கப்புகளும் மொட்டைப் பிட்டுக்கு எளிதாக வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. குண்டுகள் வழியாக ஹேமர் அடி வாங்கிய பேரிங்கைத் திரும்ப மாட்டக் கூடாது. பாதையில் குண்டு அழுந்திய குழிகள் விழுந்திருக்கும். கையால் சுற்றினால் நன்றாகத்தான் தெரியும். சாலையில் போனதும் இரைச்சல் ஆரம்பிக்கும்.

சஸ்பென்ஷன் புஷ் கழற்ற பிரஸ் இல்லை. ஏர் ஹேமரால் முடியுமா?

முடியும். புஷ் என்பது இரும்பு ஸ்லீவுக்குள் ரப்பர். ரப்பரை எடுத்த பிறகு வெளி ஸ்லீவ் மட்டும் மிஞ்சும். அதை முழுசாகத் தள்ளி எடுக்க நினைக்காதீர்கள். குறுகிய உளியை ஸ்லீவுக்கும் துளைச் சுவருக்கும் நடுவே வைத்து, ஸ்லீவின் விளிம்பை உள்பக்கமாக மடியுங்கள். மடிப்பு நீள நீள ஸ்லீவின் சுற்றளவு சுருங்கும், பிடி தானாகப் போய்விடும். ஹாக்ஸாவால் முதலில் நீளவாக்கில் ஒரு கோடு அறுத்துக்கொண்டால் இன்னும் சுலபம். உளியின் முனை துளைச் சுவரைக் கீறாமல், எப்போதும் உள்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கவேண்டும். பட்டை ஸ்பிரிங் கண்ணில் உள்ள புஷ்ஷும் இதே மாதிரிதான்.

தகர வேலைக்கு எப்படியெல்லாம் பயன்படுத்தலாம்?

பேனல் கட்டர் பிட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்; கிரைண்டர் நுழையாத இடத்தில் பொறி பறக்காமல் தகடு வெட்டும். ஸ்பாட் வெல்டைப் பிரிக்க ஒரு மெல்லிய அகல உளி உண்டு. வெல்டை முதலில் டிரில்லில் கொஞ்சம் தின்றுவிட்டு, இந்த உளியை இரண்டு தகட்டுக்கும் நடுவே ஓட்டினால் சுத்தமாகப் பிரியும்.

பலருக்குத் தெரியாதது, தகட்டை வழவழப்பாக்கும் வேலை. கனமான சி வடிவச் சட்டம் ஒன்றைச் செய்து, மேலே ஏர் ஹேமரைத் தலைகீழாகப் பொருத்தி, அதில் தட்டை முகம் உள்ள பிட், கீழே லேசாகக் குவிந்த சின்னப் பட்டடை. நடுவில் தகட்டை விட்டு நகர்த்திக்கொண்டே போனால், கைச் சுத்தியலால் பகல் முழுக்கத் தட்டியெடுக்கும் மேடுபள்ளம் கொஞ்ச நேரத்தில் சமமாகும். காற்றை நன்றாகக் குறைத்து வையுங்கள். மேல் முகம், கீழ் முகம் இரண்டும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கவேண்டும். அதில் ஒரு கீறல் இருந்தால் அந்தக் கீறல் தகடு முழுக்க ஆயிரம் தடவை அச்சாகும். இந்த ஏற்பாட்டை ஒருமுறை செய்துவிட்டால், பெரிய மட்கார்டு ஒன்றை வளைவு கெடாமல் மீட்கும்போது கிடைக்கும் திருப்தி வேறு எந்த வேலையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

நைலான் உருளையை முனையாக மாட்டி, மணல் பையின் மேல் தகட்டை வைத்து அடித்தால், தழும்பு இல்லாமல் குழிவாக்கலாம்.

ரிவெட் அடிக்கலாமா?

விமானத் தகடுகளை இணைப்பது இந்த வகைக் கருவியால்தான். ஒருவர் ரிவெட் தலையில் குழி முனைப் பிட்டை வைத்து அடிப்பார், மறுபக்கம் இன்னொருவர் கனமான இரும்புக் கட்டியை வாலுக்கு முட்டுக் கொடுப்பார். ஆனால் அந்த ரிவெட் கன்னின் விசை, விரல் அழுத்தத்துக்கு ஏற்ப மெல்லத் தொடங்கும். சாதாரண ஏர் ஹேமர் எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் பாயும், மெல்லிய தகடு கெட்டுவிடும். ரெகுலேட்டரில் காற்றைக் குறைத்து, பழைய தகட்டில் பழகிய பிறகு கனமான ரிவெட்டுகளுக்குப் பயன்படுத்தலாம். ரிவெட் தலையைச் சீவி எடுப்பதற்கு இதைவிட வேகமான வழி இல்லை.

வெல்டிங் வேலையில்?

ஸ்லாக் (வெல்டின் மேல் படியும் கசடு) உதிர்க்க ஊசிக் கொத்து பிட் மாட்டலாம். பத்துப் பதினைந்து எஃகு ஊசிகள் தனித்தனியாக அடிப்பதால், மூலைமுடுக்கு, மேடுபள்ளம் எல்லாவற்றிலும் உள்ள ஸ்லாக், துரு, பழைய பெயின்ட் வந்துவிடும்.

இதைவிட மதிப்பானது வார்ப்பிரும்பு வெல்டிங்கில் கிடைக்கும் உதவி. வார்ப்பிரும்பில் வெல்ட் ஆறும்போது சுருங்கும், பக்கத்து இரும்பு வளைந்து கொடுக்காது, பிளக்கும். அதனால் 25 மி.மீ. அளவுக்கு மட்டும் ஒரு வெல்ட் போட்டு, அது சூடாக இருக்கும்போதே உருண்டை முனைப் பிட்டால், குறைந்த காற்றில் அதன் மேல் தட்டவேண்டும். அடி அந்த வெல்டை லேசாக விரிக்கும். சுருங்கும் இழுப்பு குறையும். பிறகு கை வைக்கும் சூட்டுக்கு ஆறியதும் அடுத்த 25 மி.மீ. கையால் தட்டுவதைவிட ஏர் ஹேமர் சீராகத் தட்டும். சாதாரண எஃகில் பல அடுக்கு வெல்ட் போடும்போது, முதல் அடுக்கிலும் கடைசி அடுக்கிலும் இப்படித் தட்டக் கூடாது. முதல் அடுக்கு மெல்லியது, விரிசல் விழும். கடைசி அடுக்கில் விழுந்த விரிசலை அந்த அடி மூடி மறைத்துவிடும்.

அடிக்காமல் வெறும் அதிர்வுக்காக மட்டும் பயன்படுத்த முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. குழாயை வளைக்கும்போது நசுங்காமல் இருக்க மணல் நிரப்புவோம் இல்லையா? குழாயின் மேல் ஒரு மரத்துண்டை வைத்து, அதில் மொட்டைப் பிட்டை ஊன்றி அதிரவிட்டுப் பாருங்கள். நிறைந்துவிட்டது என்று நினைத்த மணல் கடகடவென்று கீழே இறங்கும். இன்னும் நிரப்பலாம். மணல் நன்றாக உலர்ந்திருக்கவேண்டும். ஈர மணலை அடைத்துச் சூடாக்கினால் நீராவி முனை அடைப்பைப் பீய்ச்சி அடிக்கும்.

மெஷினுக்குக் கான்கிரீட் மேடை போடும்போது பலகையின் வெளிப்புறம் இதே மாதிரி மரத்துண்டு வழியாக அதிர்வு கொடுத்தால், காற்றுக் குமிழிகள் மேலே வந்து உடைவதைப் பார்க்கலாம். எர்த் ராடைத் தரையில் இறக்கவும் ஹேமர் உதவும். ராடின் தலையில் கவிழும் குழிப் பிட்டை மாட்டினால், ஏணியில் நின்று சம்மட்டி ஓங்கவேண்டியதில்லை.

பிட்டை நானே செய்துகொள்ளலாமா?

பழைய, மழுங்கிய பிட்டுகளை வேறு வடிவத்துக்குத் தேய்த்துக்கொள்வதை நான் தாராளமாகச் சொல்வேன். என் பெட்டியில் உள்ளவற்றில் பாதி அப்படி வந்தவைதான். கிரைண்டரில் வைக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். முனை நீல நிறமானால் 300 டிகிரி செல்சியஸ் பக்கம் போய்விட்டது, அந்த இடம் மெத்தென்றாகிவிட்டது என்று பொருள். நீலம் ஏறிய பகுதியைத் தேய்த்து நீக்கவேண்டும்.

பித்தளைத் தொப்பி ஒன்று செய்துகொள்ளுங்கள். பருமனான பித்தளை உருளையில் மொட்டைப் பிட்டின் முனை இறுக்கமாக நுழையும் அளவுக்குத் துளை போட்டு மாட்டினால் போதும். மரையின் முனை, கடைசல் செய்த தண்டு, கீறல் விழக் கூடாத இடம் எல்லாவற்றுக்கும் அது போதும். விளிம்பு பிசிறடித்துக் காளான் போல விரிந்தால் உடனே தேய்த்துச் சீராக்குங்கள். இல்லாவிட்டால் அந்தப் பிசிறுதான் முதலில் கண்ணுக்குப் பறக்கும்.

பிட்டின் தண்டோடு வேறு துண்டை வெல்ட் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெல்டின் பக்கத்தில் உலோகம் நொறுங்கும் தன்மை பெறும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் அடி வாங்கி ஒரு நாள் முறியும்.

சிலிண்டர் ஹெட்டில் கேஸ்கெட் சுரண்டலாமா?

வார்ப்பிரும்பு பிளாக்கில், அகல சுரண்டு பிட், மிகக் குறைந்த காற்று, படுக்கையான கோணம் என்றால் சரி. அலுமினியத்தில் வேண்டாம். ஒரே ஒரு கீறல் போதும், தண்ணீர் கசிய.

எங்கெல்லாம் பயன்படுத்தவே கூடாது?

பெட்ரோல் டேங்க் பக்கத்தில். காற்று உள்ள டயரின் ரிம்மில், அதிலும் இரண்டாகப் பிரியும் ரிம்மில். வால்வைக் கழற்றி முழுக் காற்றையும் விட்ட பிறகுதான் அந்தப் பக்கம் போகவேண்டும். அழுத்தம் உள்ள ஹைட்ராலிக் சிலிண்டரிலும் ஏ.சி. குழாயிலும். இறுக்கிவைத்த காயில் ஸ்பிரிங்கில். கிராங்க் ஷாஃப்ட்டை அச்சு வாக்கில் அடிக்கவேண்டாம். அந்த அடியை உள்ளே த்ரஸ்ட் பேரிங் (நீளவாக்கில் வரும் தள்ளலைத் தாங்குவது) வாங்கிக்கொள்ளும். ஏர் பேக் உள்ள வண்டியில் முன்பக்க மோதல் சென்சர்களுக்கு அருகே வேலை என்றால், பேட்டரி இணைப்பைக் கழற்றி, தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து ஆரம்பியுங்கள்.

பிட்டை எதன்மேலும் ஊன்றாமல் விசையை அழுத்துவதும் கூடாது. பிஸ்டனின் முழு அடியையும் முன் ஸ்பிரிங்கே வாங்கும். ஸ்பிரிங் உடைந்தால் பிட் அம்பு மாதிரிப் பாயும். பட்டறையில் வேடிக்கைக்காக இதைச் செய்பவரை நான் உடனே தடுத்துவிடுவேன். பிட் மாற்றும்போது ஹோஸைக் கழற்றிவிடுங்கள்.

சின்னக் கம்ப்ரசர் போதுமா?

பெரும்பாலும் போதும். சாண்டர், கிரைண்டர் போல இதை விடாமல் ஓட்டுவதில்லை. ஐந்து நொடி அடி, பிறகு ஒரு நிறுத்தம். டேங்க் அதற்குள் நிரம்பிவிடும். கம்ப்ரசரைவிட ஹோஸ்தான் பலரைக் கவிழ்க்கிறது. உள்விட்டம் 10 மி.மீ.க்குக் குறைந்த நீள ஹோஸில் ஹேமர் சோர்ந்துபோகும். ரெகுலேட்டரில் 40 பி.எஸ்.ஐ.-ல் ஆரம்பித்து, தேவைக்கு ஏற்ப 90 வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

காதுக்கும் கைக்கும் எவ்வளவு ஆபத்து?

லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரத்தைப் பாதியாக்கவேண்டும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம்தான். ஏர் ஹேமர் இரும்பில் படும்போது 100-ஐச் சுலபமாகத் தாண்டும். காது அடைப்பான் இல்லாமல் விசையைத் தொடவேண்டாம். கண்ணாடியும் அப்படியே.

கை விஷயம் இன்னும் மெதுவாக வரும். 1918-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் காற்றுச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கும் தொழிலாளர்களின் கைகளை மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்தார். குளிரான காலையில் அவர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. ரத்தக் குழாய்களை அதிர்வு பாதிப்பதால் வருவது அது. நூறு வருடம் கழித்தும் நம் தொழிலில் அது இருக்கிறது. ஐரோப்பிய விதிகள் எட்டு மணி நேரச் சராசரியாகக் கைக்கு வரும் அதிர்வை 5 மீ/வி²-க்குள் நிறுத்தச் சொல்கின்றன, 2.5-ஐத் தாண்டினாலே நடவடிக்கை எடுக்கவேண்டும்.

பட்டறையில் நாம் செய்யக்கூடியது இவ்வளவு. ஹேமரை நெரித்துப் பிடிக்காமல், பிட் வேலையிலிருந்து விலகாத அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். மற்றக் கையால் பிட்டையே பிடித்து வழிகாட்டும் பழக்கம் பலருக்கு உண்டு, அதை இன்றே விடுங்கள். அதிர்வு மொத்தமும் அந்த விரல்களுக்குத்தான் போகிறது. கையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனி வெளுத்தாலோ, வேலை முடிந்தும் ஊசி குத்துவது போல இருந்தாலோ, மருத்துவரைப் பாருங்கள்.

பராமரிப்பு?

வேலைக்கு முன் காற்று நுழையும் வாயில் மூன்று நான்கு சொட்டு ஏர் டூல் ஆயில். நாள் முடிவில் இன்னும் சில சொட்டு விட்டு, மரக்கட்டையில் ஊன்றி இரண்டு நொடி ஓட்டுங்கள். கம்ப்ரசர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுங்கள். ஹேமர் மந்தமாக அடித்தால் முக்கால்வாசி நேரம் உள்ளே துருவும் பிசினும்தான் காரணம்.

முதலில் எந்தெந்தப் பிட் வாங்கவேண்டும்?

நல்ல கனமான மொட்டைப் பிட் ஒன்று. குறுகிய உளி ஒன்று. கூம்பு முனை ஒன்று. பேனல் கட்டர், கவட்டை எல்லாம் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். மலிவான செட்டில் மொட்டைப் பிட் பெரும்பாலும் இருக்காது. அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.